டிஸ்க் வீட்டில்தான் இருந்தது

ரிங்லெட் என்கிற சின்ன டவுனுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அமிர்தலிங்கத்துக்கு கம்ப்யூட்டர் கிராணி என்று பெயர். ஆபீசில் கணக்கு எழுதுகிறவனைக் கிராணி என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பேச்சு. அந்தச் சொல்லுக்கு முன்னால் கம்ப்யூட்டரை ஒட்டவைத்தது கொழுந்து பறிக்கிற பெண்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள் அவர். தராசுக் கொட்டகையில் கொழுந்து மூட்டையை நிறுத்துப் போட்டுக்கொண்டு கிடந்தவர். ஆபீசில் இருந்த படித்த பிள்ளைகள் சிங்கப்பூர் வேலைக்குப் பறந்ததும், வேறு ஆள் கிடைக்காமல் துரை இவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு விரலால் தட்டித் தட்டியே மனிதர் கற்றுக்கொண்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கற்றுக்கொண்டபின் நடையே மாறிப்போயிற்று. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குள் வந்தால்கூட சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டுதான் வருவார். யார் என்ன கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல பாத்துத்தான் சொல்லணும்" என்பார். தன் பெண்ணுக்குப் பிறந்தநாள் எப்போது என்று வேலம்மா கேட்டதற்கும் அதையே சொன்னார் என்று ஒரு கதை உண்டு. வேலம்மா அவருடைய மனைவி. அவளே பரப்பிய கதையாகவும் இருக்கலாம்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் தோட்டமே இருந்தது. யார் என்றைக்கு வேலைக்கு வந்தார், எந்த மலையில் எவ்வளவு கொழுந்து பறித்தார், யாருக்கு மருத்துவ லீவு, எல்லாம் அதில். ஒரு தடவை மின்னல் அடித்து அரை நாள் அது கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது துரை பயந்துபோனார். துரை என்றால் விமலன். நாற்பது வயதுகூட ஆகாத மேனேஜர். அவர்தான் ஃபாஹ்மியை வரவழைத்தார்.

ஃபாஹ்மி ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜப்பாரின் மகன். அப்பா கடைக்கு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன். அதிகம் பேசமாட்டான். வந்தான், மின்னல் பட்டதைச் சரிசெய்தான், பிறகு பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது வெளி டிஸ்க்கு அண்ணே. சனிக்கிழமை இதைச் சொருகுனா, உள்ள இருக்கற அத்தனையும் அப்படியே ஒரே இமேஜா இதுக்குள்ள வந்துடும். ஃபைல் ஃபைலா இல்ல, முழுக் கம்ப்யூட்டரும். நாளைக்கு இந்த மெஷின் செத்தாலும் புது மெஷின்ல இதை எறக்கிட்டா விட்ட எடத்துலேருந்து வேலை பாக்கலாம். இப்ப கேள்வி என்னன்னா, இதை எங்க வெக்கிறது."

"மேசை டிராயர்ல வெச்சா போச்சு," என்றார் அமிர்தலிங்கம்.

"அப்ப இந்தக் கூரை விழுந்தா ரெண்டும் சேந்து போயிடும்லா."

இன்டர்நெட்டில் போட்டு வைக்கலாமே என்று விமலன் கேட்டார். மழை தூறினாலே லைன் போய்விடுகிற மலையில் அவ்வளவு பெரிய இமேஜ் ஏறி முடிவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடும் என்றான் ஃபாஹ்மி. ஃபேக்டரியில் வைக்கலாம் என்றால் அங்கே தேயிலைத் தூசி. இலை காயவைக்கிற சூடு வேறு. துரையின் பங்களாவைச் சொன்னார்கள். அவர் பாதி நாள் கோலாலம்பூரில் இருப்பார். பங்களா பூட்டிக் கிடக்கும்.

"என் கடையில இரும்பு லாக்கர் இருக்கு," என்றான் ஃபாஹ்மி. "காசு ஒண்ணும் வேணாம். வாராவாரம் காய்கறி லோரியில குடுத்துவிட்டா நான் வாங்கி வெச்சுக்கறேன்."

நல்ல யோசனைதான். அமிர்தலிங்கத்துக்கும் அது தெரிந்தது. ஆனால் தோட்டத்து மூளையையே கொண்டுபோய் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் வைப்பதா என்று உள்ளே ஒரு வீம்பு கிளம்பியது. மூளை அங்கே போனால் கிராணி இங்கே எதற்கு?

"எஸ்டேட்டு சாமான் எஸ்டேட்ட விட்டு வெளிய போகக்கூடாது துரை," என்றார். "என் வீட்டுல வெக்கிறேன். எம் பொறுப்பு."

விமலன் தலையாட்டினார். ஃபாஹ்மி டிஸ்க்கை அமிர்தலிங்கத்தின் கையில் கொடுத்தான்.

"சரி அண்ணே. ஒண்ணே ஒண்ணு. காப்பி எடுக்கற நேரம் தவிர இந்த டிஸ்க்கும் கம்ப்யூட்டரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக்கூடாது. ஒரு ராத்திரிகூட."

"எனக்குத் தெரியாதா தம்பி," என்றார் அமிர்தலிங்கம்.

லயத்து வீட்டில் செருப்பைக் கழற்றி நாலு நாள் விட்டால் பச்சைப் பூசணம் பூத்துவிடும். அந்த மலையில் வசதி உள்ளவர்கள் அலமாரிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிட்டுத் துணிமணியைக் காப்பாற்றுவார்கள். அமிர்தலிங்கமும் அலமாரியில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்து பல்பு மாட்டினார். வேலம்மாவின் கூறைப்புடவையை ஓரம் தள்ளிவிட்டு நடுத்தட்டில் டிஸ்க்கை வைத்தார்.

"எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்க மனசு வரல. பொட்டிக்கு வெளக்குப் போட்டுக் குளிர் காய வெக்கிறாரு," என்றாள் வேலம்மா.

"உனக்கு என்னாடி தெரியும், உள்ள எஸ்டேட்டே இருக்கு."

"அப்ப நானும் உள்ள போயி உக்காந்துக்கறேன்."

இப்படியே ஒரு வருசம் போல ஓடியது. சனிக்கிழமை காலையில் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி ஆபீசுக்குக் கொண்டுபோவார். மத்தியானம் அதே துண்டில் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

அந்தத் தோட்டத்தில் தீபாவளியைக்கூட ஆளுக்கொரு மாதிரி கொண்டாடுவார்கள். ஆயுத பூசை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். கவாத்துக் கத்தி, மருந்து பம்பு, கொழுந்து வெட்டும் மெஷின், லோரி, எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம். ஆபீசில் சாமான் எதையும் மேசைமேல் வைத்துப் பூசை போடுவதில்லை. தரையில் பாய் விரித்து, சாமி படத்துக்குக் கீழே எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டும். ஒரு தடவை பூசையில் உட்கார்ந்துவிட்டால் மறுநாள் காலை சூடம் காட்டும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. இது எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனாலும் துரை ஆபீசுக்கு அன்றைக்கு லீவுதான் விடுவாரே தவிர, இதை மீறமாட்டார்.

அமிர்தலிங்கம் கம்ப்யூட்டரைப் பாயில் இறக்கினார். பக்கத்தில் பிரிண்டர், கால்குலேட்டர், முத்திரைக் கட்டை. எல்லாம் வந்துவிட்டது. ஆனால் மனம் ஆறவில்லை. வாராவாரம் வேலை பார்க்கிற சாமான் ஒன்று வீட்டு அலமாரியில் பொட்டில்லாமல் கிடக்கிறதே. கத்தி ஒன்றை மறந்துபோய்ப் பூசையில் வைக்காமல் விட்டதால் அதே கத்தி அந்த வருசம் காலை வெட்டியது என்று சொல்கிற ஆட்கள் மத்தியில் வளர்ந்தவர் அவர். உழைக்கிற சாமானை ஒதுக்கி வைத்தால் அது பழிவாங்கும் என்பது ரத்தத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தார்.

"இன்னைக்கு சனிக்கெழமை இல்லையே," என்றாள் வேலம்மா.

"பூசைக்கு."

"அந்தத் தம்பி ரெண்டையும் ஒண்ணா வெக்காதேன்னுச்சே, நீங்கதானே சொன்னீங்க."

"சாமி முன்னாடி வெக்கிறேன். என்னா ஆயிடப்போவுது?"

டிஸ்க்கின் முனையில் சந்தனம் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, கம்ப்யூட்டருக்குப் பின்னால் பூவுக்குள் வைத்தார். பூசைக்கு வந்தவர்கள் கண்ணில் அது படவில்லை. அவரும் காட்டவில்லை. ஆபீசைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்குப் பெய்த மழையை மழை என்று சொல்ல முடியாது. ஆபீசுக்குப் பின்னால் மலையை வெட்டிய சரிவு. அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு காண். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் அடித்து வந்து அந்தக் காணை அடைத்துக்கொண்டன. தண்ணீருக்கு வேறு வழி இல்லை. பின்கதவு வழியாக உள்ளே வந்தது. காலையில் சூடத்தட்டோடு போய்க் கதவைத் திறந்தவர் முழங்கால் வரை சேற்றில் நின்றார். மேசைமேல் இருந்த காகிதம்கூட நனையவில்லை. பாயில் இருந்தது எல்லாம் முழுகியிருந்தது. சாமி படம் மட்டும் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தது.

சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி அந்த மஞ்சள் துணியை எடுத்தார். அப்போது பார்த்து டெலிபோன் அடித்தது. கோலாலம்பூரில் இருந்து விமலன். ஃபேக்டரி ஆள் யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறான்.

"கம்ப்யூட்டர் போச்சா கிராணி?"

"போச்சு துரை. முழுகிடுச்சு."

"போனா போவுது. டிஸ்க் உங்க வீட்டுலதானே இருக்கு?"

கையில் டிஸ்க். அதிலிருந்து சேறு சொட்டிக் கால்சட்டையில் விழுகிறது.

"ஆமா துரை. வீட்டுலதான் இருக்கு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு யோசித்திருக்கலாம். கோலாலம்பூரிலிருந்து துரையின் கார் வந்துகொண்டிருந்த அந்த மூன்று நாலு மணி நேரமும் திருப்பிப் போட்டுச் சொல்ல நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவர் செய்தது வேறு. டிஸ்க்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். குழாயில் கழுவினார். வேலம்மாவின் பழைய சேலையில் துடைத்து, பல்புக்குப் பக்கத்தில் வைத்து அலமாரியைச் சாத்தினார்.

வேலம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"துரைகிட்ட சொல்லிடுங்க," என்றாள்.

"வாய மூடிக்கிட்டு இரு."

அவள் மூடிக்கொண்டாள்.

துரை வந்து இறங்கியதும் அவர் முன்னால், அலமாரியிலிருந்து நேராக எடுத்து வந்ததுபோல டிஸ்க்கை நீட்டினார். பங்களாவில் இருந்த லேப்டாப்பில் சொருகினார்கள். டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சரி. ஃபாஹ்மியை வரச்சொன்னார்கள். அவன் காதில் வைத்துக் கேட்டான். பிறகு சின்ன திருப்புளியை எடுத்து மேல் மூடியைக் கழற்றினான். ஒயர் சொருகுகிற ஓட்டையில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதன்மேல் மஞ்சளாக ஒரு கோடு. அவன் அதை நகத்தால் சுரண்டினான். விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"வீட்டுலதானே அண்ணே இருந்துச்சு?"

"வீட்டுலதான் தம்பி. அலமாரியில. பல்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

ஃபாஹ்மி மூடியை மூடி, திருகை முடுக்கினான்.

"எடுக்க முடியாது துரை. டிஸ்க்கு போயிடுச்சு."

"நல்ல டிஸ்க்குன்னுதானே குடுத்த?" என்றார் விமலன்.

அவன் திருப்புளியைப் பையில் போட்டான். பதில் சொன்னது அங்கே நின்ற வீரப்பன். வெளிக்காட்டு வேலைக்குக் கங்காணி அவர். தோட்டத்திலேயே நீளமான நாக்கு. "ரிங்லெட் சாமான் எல்லாம் அப்படித்தான் துரை. அப்பன் கடையில பரோட்டா, மகன் கடையில டிஸ்க்கு. ரெண்டும் ஒரு நாளைக்குத்தான் தாங்கும்."

நாலு பேர் சிரித்தார்கள். அமிர்தலிங்கமும் சிரித்தார். பின்னாளில் பொய்யைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரை அதிகமாகத் தின்றது.

தீபாவளிக்கு முன்னால் கைக்கு வந்திருக்க வேண்டிய போனஸ் வரவில்லை. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று எவருக்குத் தெரியும்? ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்கவைத்து வாயால் கேட்டு எழுதினார்கள். எழுதியது அமிர்தலிங்கம். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு நாலு நாள் வரல, அதையும் எழுதிக்கங்க கிராணி," என்று நேர்மையாகச் சொன்ன பெண்கள் இருந்தார்கள். அவர்களை நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார். போகும்போது எல்லோரும் திட்டியது ரிங்லெட்காரனை. "உங்களுக்குத்தான் பாவம் வேலை," என்று இவருக்காக இரக்கப்படவும் செய்தார்கள்.

வீட்டில் வேலம்மா அலமாரிப் பல்பைக் கழற்றிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இனிமேல் யாருக்கு விளக்கு என்று அவளும் சொல்லவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். கிண்டல் பண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். வீடு வேறு யாரோ குடியிருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

தீபாவளி கழிந்து ஈப்போவிலிருந்து ஒரு கம்பெனி ஆள் புதுக் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினான். கூடவே புது டிஸ்க். எல்லாம் மாட்டி முடித்துவிட்டு, "இந்த இமேஜ எங்க வெக்கப் போறீங்க?" என்று அவனும் அதையே கேட்டான்.

"கிராணி வீட்டுலதான்," என்றார் விமலன். "போன தடவை டிஸ்க்குதான் மட்டம். வெச்ச எடம் சரியான எடம். இவரைவிடப் பத்திரமா யாரு வெச்சுக்குவா?"

டிஸ்க்கை எடுத்து நீட்டினார். அமிர்தலிங்கத்தின் கை மேசையை விட்டு எழவில்லை.

"வேணாம் துரை."

"ஏன்?"

"என் வீட்டுல வேணாம்."

"கரண்டு பில்லுக்குப் பயப்படறாரு துரை," என்றார் வீரப்பன், ஆள் கணக்குக் கொடுக்க வந்தவர்.

"நீ சும்மா இரு வீரப்பா." அமிர்தலிங்கம் எழுந்து நின்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்ல முடிகிற சங்கதி இல்லை அது. "அந்த டிஸ்க்கு வீட்டுல இல்ல துரை. பூசையில வெச்சேன். இந்த எடத்துலதான், பாயில. ஃபாஹ்மி தம்பி வெக்கக்கூடாதுன்னு சொல்லியும் வெச்சேன். முழுகிப்போச்சு. நீங்க போன்ல கேட்டப்ப கையிலதான் இருந்துச்சு. கழுவி, காயவெச்சு, உங்ககிட்ட கொண்டாந்து குடுத்தேன்."

வீரப்பன் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். அந்த நீள நாக்குக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே போனார். கிண்டல் பண்ணியிருந்தால் தேவலை.

விமலன் டிஸ்க்கை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"முழுகிடுச்சுன்னு சொல்லியிருந்தா நான் உங்கள என்னா பண்ணியிருக்கப் போறேன்?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டீங்க துரை."

"திரிங்காப் பக்கத்து ஃபார்ம்காரங்க ரெண்டு பேரு எங்கிட்ட அந்தப் பையனப் பத்திக் கேட்டாங்க. அவன்கிட்ட போவாதீங்கன்னு நான் சொன்னேன். என் வாயால சொன்னேன்." காலியாக நின்ற நாற்காலியை மேசைக்கு உள்ளே தள்ளினார். "நாளையிலேருந்து தராசுக்குப் போங்க."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை.

அன்றைக்கு வீட்டில், "சொல்லிட்டேன்," என்றார். வேலம்மா, "ம்," என்றாள். மீன் துண்டு ஒன்றை அதிகமாக வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ரிங்லெட்டுக்கு இறங்கினார். கீழே கடையில் ஜப்பார் கல்லாவில் இருந்தார். அவர் கண்ணில் படாமல் பக்கத்துப் படி வழியாக ஏறினார். மாடியில் ஃபாஹ்மி ஒரு கீபோர்டைப் பிரித்து வைத்துப் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தான். மேசையில் வேறு வேலை எதுவும் இல்லை. போன வருசம் வந்தபோது தரை முழுக்கப் பெட்டிகளாக இருந்ததை அமிர்தலிங்கம் நினைத்துக்கொண்டார்.

"துரை போன் பண்ணாரு அண்ணே," என்றான் நிமிராமல். "மன்னிப்புக் கேட்டாரு."

"நானும் அதுக்குத்தான் வந்தேன் தம்பி."

"ம்."

"மூடியக் கழட்டுனப்பவே உனக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல?"

"சந்தனம் மணந்துச்சு. எங்க எஸ்டேட்டு சிநேகிதங்க வீட்டுப் பூசைக்கெல்லாம் போயிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் அங்கயே சொல்லல?"

பிரஷ் நின்றது.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றான் ஃபாஹ்மி. "அன்னைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அந்த வாரம் சொல்லுவீங்கன்னு பாத்தேன். வயசுல மூத்தவர, அத்தன பேரு முன்னாடி நான் எப்படி அண்ணே சொல்றது?"

பஸ்ஸில் வரும்போது அமிர்தலிங்கம் தயார் பண்ணி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

படியில் செருப்புச் சத்தம். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் மணியம்மா, ஒரு லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. வந்தவள் பையை உடனே மேசையில் வைத்துவிடவில்லை.

"இதுல எங்க ஓர்டர் கணக்கு எல்லாம் இருக்கு தம்பி. தானா தானா அணைஞ்சு போவுது. தானா ராத்தா டவுனுக்குக் கொண்டுபோலாம்னா மகளுக்கு லீவு இல்ல." அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "கேக்கறேன்னு கோவிச்சுக்காதே. அந்த எஸ்டேட்டுல நீ குடுத்த டிஸ்க்கு கெட்டுப்போயி, ஆளுங்களுக்கு போனஸே லேட்டாச்சாமே. இத ஒன்ன நம்பிக் குடுக்கலாமா?"

ஃபாஹ்மி பிரஷைக் கீழே வைத்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தான். அமிர்தலிங்கத்தைப் பார்க்கவில்லை.

"டிஸ்க்கு கெட்டுப்போவலம்மா," என்றார் அமிர்தலிங்கம்.

மணியம்மா திரும்பினாள். "நீங்க யாரு?"

"அந்த எஸ்டேட்டுக் கிராணி. கிராணியா இருந்தேன். டிஸ்க்க நாந்தான் தண்ணியில விட்டேன். விட்டுட்டு, பழிய இவரு மேல போட்டேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த தலை, உள்ளே விட்ட சட்டை, பையில் பேனா.

"பாத்தா பெரிய மனுசன் மாதிரி இருக்கீங்க," என்றாள். "எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?"

ஃபாஹ்மி எழுந்து அவள் கையிலிருந்த பையை வாங்கி மேசையில் வைத்தான். அவள் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அமிர்தலிங்கத்தை உட்காரச் சொல்லவில்லை.

நின்றுகொண்டே, தொண்டையைச் செருமி, "ஆயுத பூசை அன்னைக்கு..." என்று அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.